சிகாகோ இறைச்சிப் பாணுக்கு நான் வைத்த ரசம்

அமெரிக்காவில் பன்னிரண்டு நாள் நின்றுவிட்டு வந்த ஒருத்திக்கு, அதைப் பற்றிக் கதைக்கப் பன்னிரண்டு வருசம் போதாது. யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த ஒருத்தி நான்தான்.

சிகாகோவில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. நாங்கள் இருக்கிற சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து நான் மட்டும் போனேன். (இவருக்கு ஹோட்டலில் லீவு இல்லை, மகளுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் வராததற்கு நான் மனசுக்குள் தேங்காய் உடைத்தேன்.) சடங்கு முடிந்து மண்டபத்திலிருந்து வந்த மிச்சச் சாப்பாடு அக்காவின் ஃபிறிட்ஜை நிறைத்து, ஃபிறீசரை நிறைத்து, கராஜுக்குள்ளும் போய் இருந்தது. அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மிச்சம் முடியும்வரை கடைச் சாப்பாடு கிடையாது. நான் விமானம் ஏறிய அன்று காலையிலும் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது.

அத்தான் நல்ல மனிசர். ஊர் காட்டவென்று ஒவ்வொரு பின்னேரமும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். சிகாகோவில் எந்தத் தெருவில் எந்தச் சாப்பாடு பெயர்போனது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் காட்டினார். ஒன்றுக்கும் காரை நிற்பாட்டவில்லை.

"பிள்ளை, இடப்பக்கம் பாரும். உதுதான் நாலு விரல் உயரத்துக்குப் பீட்ஸா போடுற கடை. சீஸ் அடியிலை, தக்காளி மேலை."

"இறங்கிப் பாப்பமோ அத்தான்?"

"வீட்டிலை இடியப்பம் கிடக்கெல்லே."

அடுத்த சந்தியில் ஹொட் டோக் கடை. "உதுக்குக் கெச்சப் கேட்டால் இந்த ஊர்க்காரர் அடிக்க வருவாங்கள்" என்றார். யாராவது அடி வாங்குகிறார்களா என்று நான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் கடை போய்விட்டது.

சிவப்பு விளக்கு விழுந்தால் மட்டும் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கலாம். அப்படி ஒரு சிவப்பு விளக்கில்தான் இத்தாலியன் பீஃப் என்கிற சாமானைப் பார்த்தேன். மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சியை நீட்டுப் பாணுக்குள் அடைத்து, மேலே ஊறுகாய் போட்டு, பாணோடு சேர்த்துச் சாற்றில் தோய்த்துக் கொடுப்பார்களாம். கடை வாசலில் சனம் முன்னுக்குக் குனிந்து நின்று சாப்பிட்டது. எல்லாருக்கும் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"பாத்தீரே? அவ்வளவு உறைப்பு" என்றார் அத்தான்.

பச்சை விளக்கு விழுந்தது. என்னுடைய அமெரிக்கச் சாப்பாட்டுப் படிப்பு அத்தோடு முடிந்தது. (அது மாசி மாதம். அந்த ஊர்க் காற்றில் வெளியே நின்றால் ஐஸ்கிரீம் தின்பவனுக்கும் கண்ணீர் வரும் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.)

பலெர்மோவுக்குத் திரும்பியதும், சிகாகோ விமான நிலையத்தில் வாங்கிய சோளப்பொரித் தகரப்பேணி ஒன்றைச் சிஞ்ஞோராவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஞ்ஞோரா றொசாலியா, நான் ஏழு வருசமாக வேலை செய்யும் வீட்டுக்காரி. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். புருசன் இல்லை. வியா மக்வேதாவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கூட்டுவது, துடைப்பது, சமைப்பது எல்லாம் நான். சுகந்தி என்கிற என் பெயர் அவ வாயில் முதல் நாளே சூசி ஆகிவிட்டது.

"அங்கே என்ன சாப்பிட்டாய், சூசி?" என்று கேட்டா.

மானமுள்ள ஒருத்தி கத்தரிக்காய்க் குழம்பு என்று சொல்லியிருப்பாள். நான் பீட்ஸாவில் தொடங்கினேன். அதன் உயரத்தைக் கையால் காட்டினேன். அவ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டா. அந்தச் சிலுவை எனக்கு ஏதோ கைதட்டல் மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஹொட் டோக். அதற்கடுத்த நாள் "சிகாகோவில் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வழக்கமாக..." என்று ஒரு வசனத்தை ஆரம்பித்தேன். பன்னிரண்டு நாளில் எனக்குக் கிடைத்தது இரண்டு வெள்ளிக்கிழமை. அந்த இரண்டிலும் விரதம்.

இது இப்படியே என் வாயோடு போயிருக்கும். ஆனால் சிஞ்ஞோராவின் ஒரே மகள் கியாரா படிக்கப் போன இடமும் சிகாகோ. அங்கே டேனி என்கிற பெடியனைக் கண்டு, விரும்பி, கல்யாணம் பலெர்மோவில்தான் என்றும் முடிவாகி, பெடியனின் தாய் தகப்பன் பெண் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று சித்திரை மாதம் ஒருநாள் செய்தி வந்தது.

சிஞ்ஞோரா மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை. நாலாம் நாள் என்னைக் குசினிக் கதிரையில் இருத்தினா. (ஏழு வருசத்தில் அவ என்னைப் பேர் சொல்லி இருத்தியது அதுதான் முதல் தடவை. அப்போதே எழும்பி ஓடியிருக்க வேணும்.)

"களைத்து வருவார்கள். தெரியாத சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் சாப்பாடு. முதல் நாள் மதியம் அவர்களின் ஊர்ச் சாப்பாட்டைப் போட்டு அசத்த வேண்டும். இந்தப் பலெர்மோவில் அதற்கு யார் இருக்கிறார்கள்? நீ இருக்கிறாய்."

பிறகு சிகாகோவுக்குப் போனால் சாப்பிட வேண்டியவை என்று ஒரு பட்டியலை ஃபோனில் எடுத்தா. நாலு விரல் பீட்ஸாவின் படத்தை ஃபோனைக் கவிழ்த்து வைத்துத் தள்ளினா. ஹொட் டோக் சம்பந்திக்குப் போடுகிற சாப்பாடு இல்லை. மூன்றாவதில் அவ முகம் மலர்ந்தது.

"இத்தாலியன் பீஃப்! பெயரிலேயே நாங்கள் இருக்கிறோம், அவர்களும் இருக்கிறார்கள். இது என்ன, சூசி? எழுபது வருசம் இத்தாலியில் இருக்கிறேன், கேள்விப்படவில்லையே."

"நல்ல சாமான்" என்றேன்.

"நீ மாடு சாப்பிடமாட்டாயே?"

கணக்கு ரீச்சர் அல்லவா, கூட்டல் பிழைத்த இடத்தில் சரியாக விரலை வைத்துவிட்டா. அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. "சாப்பிடவில்லை, செய்யிற விதம் தெரியும். கடைக்காரர் என் அத்தானின் சிநேகிதர். குசினிக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்."

சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டா. "கடவுள்தான் உன்னை அங்கே அனுப்பியிருக்கிறார்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறி வந்த இளைப்பில் சொன்னதால் அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சை பாரும், அடுத்த மாதம் உமக்கு இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மேஸோ புதுப்பிக்கிற நாள் வருது. குவெஸ்தூராப் பொலிசிலை வேலைக் கடிதம் கேப்பாங்கள். அந்தக் கடிதத்திலை கையெழுத்து வைக்கிறது ஆர்?"

"சிஞ்ஞோரா."

"அப்ப அந்த மனிசியின்ரை சம்பந்தி வீட்டுக்காரருக்கு, காணாத தின்னாத சாமானைச் செய்து குடுக்கப்போறீர்?"

"கண்டனான்" என்றேன். அதுமட்டும் உண்மை.

இரண்டு நிமிசம் யோசித்து அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். அத்தானும் மாடு சாப்பிடாதவர் என்பதை இங்கே சொல்லிவிட வேணும்.

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. இறைச்சியை அவிச்சுப்போட்டு மெல்லிசாச் சீவுறது. சீவினதை ரசத்துக்குள்ளை போடுறது."

"ரசமோ?"

"ரசம் மாதிரி ஒண்டு. உள்ளி, மிளகு எல்லாம் போட்டு, தண்ணிப்பதமா. பேந்து பாணை முழுசா அதுக்குள்ளை தோய்க்கிறது. முழுசா! அரைகுறையாத் தோய்ச்சால் சிகாகோக்காரருக்குக் கோவம் வரும்."

"மேலை போடுற ஊறுகாய்?"

"அதிலைதான் விசயமே கிடக்கு. எங்கடை அச்சாறுதான், வேறை பேர். உறைப்பு நல்லா இருக்கோணும். நீர்தானே கண்ணாலை கண்டனீர், சனம் அழுததை."

ஓம், கண்டிருந்தேன்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று எனக்கு லீவு நாள், இருந்தும் காலை ஏழு மணிக்குப் போய்விட்டேன். முதல் நாளே பல்லரோ சந்தையில் எள்ளுப் போட்ட பாண், கரட், பூக்கோவா, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் வாங்கி, அச்சாற்றை வீட்டிலேயே போட்டுப் போத்தலில் அடைத்திருந்தேன். கடுகை வினாகிரியில் அரைத்தால் மூக்குக்குள் ஏறும் அல்லவா, அந்தப் பதம். ருசி பார்த்தபோது உறைப்புக் காணாது போலிருந்தது. இன்னும் ஆறு மிளகாயைக் கீறிப் போட்டேன்.

சிஞ்ஞோரா பூசைக்குப் போனா. அப்படியே ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து ஹோட்டலில் இருந்து சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டு வருவதாகத் திட்டம். நான் இறைச்சியை அவித்துச் சீவினேன். ரசம் வைத்தேன். உள்ளி, மிளகு, சீரகம், மல்லி, செத்தல் மிளகாய், கொஞ்சம் பழப்புளி, ஒரு கிள்ளு மஞ்சள். இத்தாலியன் என்று பேர் இருப்பதால் மரியாதைக்கு ஒறேகனோவும் தூவினேன். வாசம் வீட்டைத் தூக்கியது. இறைச்சியைப் போட்டுக் கொதிக்க விட்டேன்.

இங்கே ஒரு விசயம். இந்த ஏழு வருசமும் நான் அந்த வீட்டில் மாடு சமைத்திருக்கிறேன், ஒருநாளும் உப்புப் பார்த்ததில்லை. உப்புப் பார்ப்பது சிஞ்ஞோராவின் வேலை. அன்று சிஞ்ஞோரா இல்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று மாடிப்படியை எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பூனை ஒன்று நின்றது. ஒரு துண்டு இறைச்சியைப் போட்டேன். மணந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. சிசிலிப் பூனைக்கு அமெரிக்கச் சாப்பாடு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு வந்தார்கள். தகப்பன் வின்ஸ் பெரிய உடம்பு, வெள்ளைச் சேட்டு, சிரித்த முகம். தாய் நான்சி மெலிந்த மனிசி, எதைக் கண்டாலும் நெஞ்சில் கை வைத்து "ஓ!" என்பா. வின்ஸின் பேரன் (அவரின் தகப்பனின் தகப்பன்) பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து கப்பலேறிப் போனவராம். மேசையில் சிஞ்ஞோரா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பூவேலைத் துணியை விரித்திருந்தா. வெள்ளை. ஞானஸ்நானம், ஈஸ்டர் என்று பார்த்துப் பார்த்து விரிக்கிற துணி.

கியாராவும் டேனியும் வரவில்லை. கல்யாணக் கடுதாசி அலுவலாகப் பாதிரியாரிடம் போனவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். "நீங்கள் தொடங்குங்கோ, வந்துவிடுகிறோம்" என்று ஃபோன் வந்தது. சிஞ்ஞோராவுக்கு இங்கிலிஷ் தெரியாது. அவர்களுக்கு இத்தாலியன் தெரியாது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். (இங்கிலிஷ் தண்ணிபட்ட பாடு என்றும் நான் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன்.)

சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தேன். முழுசாகத் தோய்த்த பாண், உள்ளே இறைச்சி, மேலே அச்சாறு குவியலாக. சிஞ்ஞோரா எழும்பி நின்று, "சொல்லு சூசி, இது அவர்களின் ஊர் இத்தாலியன் பீஃப் என்று. நீ சிகாகோவில் கடைக் குசினியிலேயே நின்று பழகியது என்று சொல்லு" என்றா.

பழகினேன் என்று நான் சொன்னதேயில்லை. பொய்யும் கை மாறும்போது கொஞ்சம் கொழுக்கிறது. சொன்னேன்.

வின்ஸ் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "இத்தாலியன் பீஃபா? எந்தக் கடை?"

"என்ன கேட்கிறார்?" என்றா சிஞ்ஞோரா.

"சந்தோசப்படுகிறார்."

"முப்பது வருசம் நான் இத்தாலியன் பீஃப் கடைதான் வைத்திருந்தேன்! போன வருசம்தான் மூடினேன். அங்கே இருக்கிற கடைக்காரர் எல்லாரையும் எனக்குத் தெரியும். எந்தத் தெரு?"

நான் கண்ட சிகாகோவுக்குத் தெருப்பெயர் கிடையாது. ஒரே ஒரு அடையாளம்தான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"நியர் சிக்னல்."

"எந்தச் சிக்னல்?"

"ரெட்."

வின்ஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து பாணைப் பார்த்தார். எள்ளைத் தட்டிப் பார்த்தார். தொழில் தெரிந்த ஆளுக்குரிய மரியாதையோடு இரண்டு கையாலும் தூக்கி, நான் சிவப்பு விளக்கில் கண்ட அதே மாதிரி முன்னுக்குக் குனிந்து, பெரிய கடியாக ஒன்று கடித்தார்.

முதல் இரண்டு மென்றல் அமைதி. மூன்றாவதில் காது சிவந்தது. பிறகு கழுத்து. சந்தியில் விளக்கு மாறுவது போல ஒவ்வொரு இடமாக மாறிக்கொண்டு வந்தது. நான்சியும் ஒரு சின்னக் கடி கடித்துவிட்டு, "ஓ! இது... ரொம்ப... வார்மாக இருக்கு" என்றா.

"என்ன சொல்கிறா?"

"உங்களின் வரவேற்பு மிகவும் இதமாக இருக்கிறதாம்."

சிஞ்ஞோரா நான்சியைப் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னா. நான்சி கண்ணீரோடு தலையாட்டினா. அந்த நேரம்தான் ஊறிப்போயிருந்த பாண் வின்ஸின் கையில் நடுவாக விட்டது. சிகாகோப் பாண் தோய்க்கவென்றே செய்கிற பாணாம், சந்தைப் பாண் அப்படியில்லையாம், இதை யார் கண்டது? இறைச்சியும் ரசமும் அச்சாறும் ஒன்றாய் இறங்கின. பாதி வெள்ளைச் சேட்டில். மீதி பூவேலைத் துணியில்.

வின்ஸ் வாய் திறந்தார். பேரனிடமிருந்து அவருக்கு வந்த சிசிலிச் சொத்து ஒரே ஒரு வசனம்தான் போலிருக்கிறது. வேறு நல்ல வசனம் எதையும் அந்த மனிசர் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு வசனத்தை உரத்த குரலில், சுத்தமான உச்சரிப்போடு, சிஞ்ஞோராவின் சாமிப்படத்துக்கு முன்னால் சொன்னார். (அதை இங்கே எழுதமாட்டேன். என் மகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்த ஒரு சொல்லை மட்டும் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.)

"அது வந்து, சாப்பாடு பிரமாதம் என்று..." என்று நான் தொடங்கினேன்.

"சூசி" என்றா சிஞ்ஞோரா. முகம் அந்த மேசைத்துணி இருந்த நிறம். "இதை எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை."

வின்ஸ் தண்ணீரைக் குடித்தார். உறைப்புக்குத் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. நான் குசினிக்கு ஓடினேன், சீனிப் போத்தலையும் மேசைக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். இங்கிலிஷ் போய்விட்டது. இத்தாலியனும் போய்விட்டது. "ஆவெண்டுங்கோ! ஆவெண்டுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு அவர் தாடையைப் பிடித்தேன். அந்தப் பெரிய மனிசர் குழந்தைப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். கரண்டியை உள்ளே விட்டேன்.

கதவு திறந்தது. கியாராவும் டேனியும்.

அவர்கள் கண்டது இதுதான். மாப்பிள்ளையின் தகப்பன் சேட்டெல்லாம் மஞ்சளாய்க் கண்ணீர் வடித்துக்கொண்டு, வாயில் கரண்டியோடு இருக்கிறார். அவர் தாடை வேலைக்காரியின் கையில். தாய் நாப்கினால் தன் நாக்குக்கு விசிறிக்கொண்டிருக்கிறா. பெண்ணின் தாய், கறை போகட்டுமென்று, துணியில் உப்புக் கொட்டிக்கொண்டிருக்கிறா.

"மம்மா," என்றாள் கியாரா, "என்ன நடந்தது?"

"சூசியைக் கேள்" என்றா சிஞ்ஞோரா.

சொல்லிவிட்டேன். கார்க் கண்ணாடி, அத்தான், சிவப்பு விளக்கு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றையும். கியாரா அதை இங்கிலிஷில் சொல்ல, வின்ஸ் கேட்டு முடித்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். மூடியைத் திறந்து மணந்தார். "சீரகமா? சீரகமா போட்டாய்?" என்று கேட்டார். கோபத்தில் கூட அவருக்கு நம்ப முடியவில்லை. இறைச்சியை எந்தப் பக்கம் சீவ வேணும், சாறு எப்படித் தெளிவாக இருக்க வேணும், பாண் எப்படிப்பட்டதாக இருக்க வேணும் என்று நின்ற நிலையில் ஒரு கால்மணி நேரம் வகுப்பு எடுத்தார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். குவெஸ்தூராவும் வேலைக் கடிதமும்தான் என் தலைக்குள் ஓடின.

எல்லாருக்கும் பசி. டேனி கீழே ஓடிப்போய்ச் சந்திக் கடையில் சோற்று உருண்டைகள் வாங்கி வந்தான். உள்ளே இறைச்சி வைத்துப் பாண்தூள் புரட்டிப் பொரித்தது, கையடக்கமாக இருக்கும். பலெர்மோவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பாலுக்கு அடுத்த சாப்பாடு அதுதான். மூன்று நாள் நித்திரை கொள்ளாமல் திட்டம் போட்ட விருந்து, எண்ணெய்க் கடுதாசியில் வந்து இறங்கியது. சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டா.

வின்ஸ் ஒன்றைக் கடித்தார். முகம் தெளிந்தது. "ஆ, அரன்சீனோ!" என்றார்.

சிஞ்ஞோராவின் கண் சட்டென்று திறந்தது. எனக்குக் காரணம் விளங்கியது, ஏனென்றால் ஏழு வருசத்துக்கு முன் நானும் அதே பிழையை விட்டிருக்கிறேன். பலெர்மோவில் அந்த உருண்டை பெண். அரன்சீனா. தீவின் மற்றப் பக்கத்தில், கத்தானியாவில்தான் அது ஆண்.

"அரன்சீனா" என்றா சிஞ்ஞோரா.

"என் பேரன் அரன்சீனோ என்றுதான் சொல்வார்."

"அப்படியென்றால் உங்கள் பேரன் கத்தானியாக்காரர். பலெர்மோக்காரரில்லை."

கியாரா அதை மொழிபெயர்க்கமாட்டேன் என்று என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வின்ஸுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மேசையில் கையால் அடித்தார். சிஞ்ஞோரா அலுமாரியிலிருந்து அகராதியைக் கொண்டுவந்து போட்டா. அவர் ஃபோனில் பேரனின் பிறப்புப் பத்திரப் படத்தைத் தேடினார். நான்சி "ஓ!" என்றா. அவ மட்டும் இரண்டாவது உருண்டையை எடுத்து நிம்மதியாகச் சாப்பிட்டா. பொரித்த சோற்று உருண்டை ஆணா பெண்ணா என்று இரண்டு படித்த சனம் பிற்பகல் நாலு மணிவரை சண்டை பிடித்தார்கள். நான் அதற்குள் கோப்பைகளைக் கழுவி, ரசச் சட்டியைக் கவிழ்த்து, மேசைத்துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை வரவேண்டாம் என்று செய்தி வந்தது. செவ்வாயும் ஒன்றும் இல்லை. இவர் பெர்மேஸோக் கடுதாசிகளை எடுத்து மேசையில் அடுக்கிவைத்தார். அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. துணியில் மஞ்சள் போகவேயில்லை. சவுக்காரம், தேசிக்காய், சுடுதண்ணீர் எல்லாம் பார்த்துக் கடைசியில் வெயில்தான் மருந்தென்று பல்கனியில் தொங்கவிட்டேன். அந்தப் பூவேலைத் துணி எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்தது. "சுகந்தி, உது என்ன கொடி?" என்று கீழ்வீட்டு மன்னார் அக்கா கேட்டா. சொன்னேன். ஒரு கிழமைக்குள் கோயிலுக்கு வரும் சனத்துக்கும், சேர்ச்சுக்குப் போகும் சனத்துக்கும் கதை போய்விட்டது.

புதன்கிழமை சிஞ்ஞோரா கூப்பிட்டா. மேசையில் வேலைக் கடிதம் இருந்தது. பக்கத்தில் பேனை. கையெழுத்து இல்லை.

"ஏழு வருசமாக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாயா?"

"இல்லை சிஞ்ஞோரா. அமெரிக்காவைப் பற்றி மட்டும்தான்."

"ஏன்?"

என்ன சொல்வது? இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் ஒன்றில் சொன்னதைக் கேட்கும் ஆள், அல்லது துடைக்கும் ஆள். அந்தச் சோளப்பொரிப் பேணியோடு வந்தபோதுதான் முதல்முதலாக அவ கேட்க, நான் சொன்னேன். அது நன்றாக இருந்தது. இதை இத்தாலியனில் சொல்லத் தெரியாமல், "நீங்கள் ஆர்வமாகக் கேட்டீர்கள்" என்று மட்டும் சொன்னேன்.

சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தா. "உன்னை வெளியே விட்டால் வேறு வீட்டுக்குப் போவாய். அங்கே யாராவது செத்துப்போவார்கள்" என்றா. கடிதத்தை நீட்டும்போது, "அந்த மனிதன் இன்னும் அரன்சீனோ என்றுதான் சொல்கிறான். இப்போது அதை நாளுக்கு மூன்று தடவை ஃபோனில் அனுப்புகிறான்" என்று பல்லைக் கடித்தா.

புரட்டாதியில் கல்யாணம் நடந்தது. சேர்ச் வாசலில், கோட்டுச் சூட்டோடு, இருநூறு பேருக்கு முன்னால், வின்ஸ் என்னைத் தேடி வந்து எதிரில் நின்றார். வணக்கம் சொல்லவில்லை. கண்ணை மூடி, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். சிரிக்காத ஆள் இல்லை. சிஞ்ஞோரா உட்பட. எனக்கு எங்கேயாவது போய் ஒளிய வேணும் போலிருந்தது, ஆனால் சீலை கட்டியிருந்தேன், ஓட முடியாது.

கல்யாணத்துக்கு வந்து அதைக் கண்ட இவர் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். நான் எதையாவது கொஞ்சம் நீட்டிச் சொல்லத் தொடங்கினால் போதும், மறுபேச்சில்லாமல் எழும்பிப் போய்ச் சீனிப் போத்தலையும் கரண்டியையும் எடுத்து வருவார். மகளும் இதைப் பழகிவிட்டாள். "அம்மா, ஆ" என்கிறாள், சிசிலி இழுவையோடு.

போன கிழமை லண்டனிலிருந்து இவரின் ஒன்றுவிட்ட தங்கச்சி குடும்பத்தோடு வந்திருந்தா. பலெர்மோவில் என்னென்ன சாப்பிட வேணும் என்று கேட்டா. நான் சும்மா இருக்காமல், "அதை ஏன் கேக்கிறீர், சந்தையிலை மண்ணீரல் வைச்ச பாண் விக்கிற ஆள் எங்களுக்கு நல்ல பழக்கம்..." என்று தொடங்கினேன்.

குசினியில் போத்தல் மூடி திருகித் திறபடும் சத்தம் கேட்டது.

நான் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, "முதல்லை ஒரு தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டேன். சீனி எப்படியும் வெளியில் வந்துவிட்டதே.